கூப்பிடு தூரம்

அருள்புரம்
6 நவம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை நீல நிறப் போலோ சட்டைக்குள் மடித்து வைக்கிறேன். சாம்பிளைப் பிரித்து அளந்து பார்க்கிற ஆள் நீதான் என்ற தைரியம். வேறு யாராவது பிரித்தால் துணி துவைக்கும் முறை என்று நினைத்துக்கொள்ளட்டும்.

மெயிலில் நீ என்னை ‘டியர் மிஸ்டர் திருமூர்த்தி’ என்கிறாய். நான் உன்னை ‘டியர் மேடம்’ என்கிறேன். நகல் ஆறு பேருக்குப் போகிறது. அந்த ஆறு பேரில் ஒருவருக்கும் நாம் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் என்று தெரியாது. நம் கம்பெனியில் சட்டை வாங்க வந்திருக்கிற ஸ்பெயின் பையரின் மத்தாரோ ஆபீசில் நீ இருப்பது அப்பாவுக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

நீ ஜெயபாண்டியைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு போய் ஆறு வருஷம் ஆகிறது. அதற்கப்புறம் நான் எழுதும் முதல் கடிதம் இது. ஏதாவது பெரிய விஷயமாக இருக்கும் என்று பயந்துவிடாதே. விஷயம் ஸ்பானிஷ்தான்.

உங்கள் ஆபீஸ் தலைவி அம்மாள் டிசம்பர் கடைசியில் நம் கம்பெனியைப் பார்க்க வருகிறார். போனில் மொழிபெயர்த்துக் காட்டலாம் என்கிறார்கள். வீடு தேடி வந்தவரை ‘வாங்க’ என்று சொல்லப் போனையா நீட்டுவது? அதனால் சாயங்காலத்தில் ஆன்லைன் வகுப்பில் சேர்ந்தேன். நடந்தது, நடப்பது, நடக்கப்போவது எல்லாம் ஒருவாறு வந்துவிட்டது. இப்போது ‘கொந்திசியோனால்’ என்று ஒன்றை இறக்கியிருக்கிறார்கள். நடக்கவும் இல்லை, நடக்காமலும் இல்லை. அங்கே வண்டி நின்றுவிட்டது.

உன்னைத் தவிர எனக்கு யாரைத் தெரியும்? சாம்பிளை ஒத்துக்கொண்டு சீல் போட்டு ஒன்றை எங்களுக்குத் திருப்பி அனுப்புவாய் அல்லவா, அதோடு பதில் வை.

தம்பி
திருமூர்த்தி


மத்தாரோ
19 நவம்பர் 2024

திருமூர்த்திக்கு,

முதலில் சட்டை. கழுத்து ரிப் பின்னல் தளர்ந்திருக்கிறது. ஒரு தரம் துவைத்தால் வாய் பிளந்துவிடும். மெயிலிலும் எழுதியிருக்கிறேன், ஆறு பேருக்கும் தெரியட்டும்.

ஆறு வருஷம் கழித்து எழுதுகிறவன், எப்படி இருக்கிறாய் என்று ஒரு வரி கேட்கவில்லை. ஜெயபாண்டி உனக்கு மாமா முறை. அந்த ஒரு வார்த்தைக்கு மை ஒன்றும் அதிகம் செலவாகாது.

நீ கேட்டது ஸ்பானிஷ். அதை மட்டும் சொல்கிறேன்.

நடந்ததற்கும் நடப்பதற்கும் வினைச்சொல்லின் வாலை வெட்டிவிட்டு வேறு வால் ஒட்டுவோம். இதில் வெட்டக்கூடாது. முழுச் சொல்லையும் அப்படியே வைத்துக்கொண்டு பின்னால் ‘ஈயா’ சேர்க்க வேண்டும். அப்லார் என்றால் பேசுவது, அதிலிருந்து அப்லாரீயா. கொமேர் என்றால் சாப்பிடுவது, கொமெரீயா. பிபீர் என்றால் வாழ்வது, பிபிரீயா. மூன்று குடும்பத்துக்கும் ஒரே வால்தான். நான் என்றாலும் அவன் என்றாலும் ஒரே வடிவம். நீ என்றால் ‘ஈயாஸ்’, நாம் என்றால் ‘ஈயாமோஸ்’, அவர்கள் என்றால் ‘ஈயான்’.

சில சொற்கள் முரண்டு பிடிக்கும். தெனேர் என்றால் வைத்திருப்பது, தெந்த்ரீயா ஆகும். பொதேர் என்றால் முடிவது, பொத்ரீயா. பெனீர் என்றால் வருவது, பெந்த்ரீயா. செய்வது அரீயா, சொல்வது திரீயா. இவற்றில் உடம்புதான் நசுங்கும், வால் மாறாது. நெட்டுருப் போடுவதைத் தவிர வழியில்லை.

அர்த்தம் இதுதான்: செய்வேன், ஆனால் ஒன்று குறுக்கே நிற்கிறது. அந்த ஒன்றைச் சொல்லியும் பேசலாம், சொல்லாமலும் பேசலாம்.

உன் வாழ்க்கையிலிருந்து பத்து வாக்கியம் எழுதி அனுப்பு. லாட்டரி விழுந்தால் கப்பல் வாங்குவேன் என்கிற பாடப்புத்தகச் சமாசாரம் வேண்டாம்.

நித்யஸ்ரீ


அருள்புரம்
2 டிசம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

எப்படி இருக்கிறாய்? மாமா எப்படி இருக்கிறார்? திட்டு வாங்கியபின் கேட்டாலும் கேட்டது கேட்டதுதானே.

ரிப்பை மாற்றிவிட்டோம். வாக்கியங்கள் பின்பக்கம் ஸ்பானிஷில் இருக்கின்றன, திருத்தி அனுப்பு. தமிழில் சில: ஆள் கிடைத்தால் இரண்டாவது தையல் லைனையும் ஓட்டுவேன். அப்பா ஹாலில் இல்லாவிட்டால் அம்மா உன்னைப் பற்றிப் பேசுவாள். சாயப்பட்டறை சொன்ன தேதியில் துணி கொடுத்தால் நான் கோயிலுக்கு மொட்டை போடுவேன்.

ஏழாவது வாக்கியத்துக்கு வரும்போது பேனா நின்றது. அதனால் நேராகவே சொல்லிவிடுகிறேன். எனக்குக் கல்யாணம். பெண் சுபஸ்ரீ, குன்னத்தூர். நம்மைப் போலத் தோட்டம் காடு வைத்திருக்கிற குடும்பம். தை இருபது, ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம். பத்திரிகையைச் சட்டைக்கு நடுவில் வைத்திருக்கிறேன்.

சடங்கு நடத்தி வைக்கிற அருமைக்காரர் வீட்டுக்கு வந்திருந்தார். “இணைச்சீரு ஆருங்க பண்றது?” என்று கேட்டார். அம்மா எழுந்து உள்ளே போனாள். பெரியப்பா மகன் கல்யாணத்தில் அவருடைய அக்கா கல்யாணப் பெண் மாதிரி உடுத்தி நின்றதும், கூறைச்சேலையின் ஒரு நுனியை அவரும் மறு நுனியை அந்த அக்காவும் பிடித்திருந்ததும் உனக்கு நினைவிருக்கும். பெண்டாட்டி வந்தாலும் உடன்பிறந்தவள் உறவு அறாது என்று சபையில் சொல்கிற இடம் அது. ஆளில்லாதவர்கள்தான் சித்தப்பா மகளை நிறுத்துவார்கள். எனக்கு ஆள் இருக்கிறது.

அப்பாவிடம் மெல்ல ஆரம்பித்தேன். பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல், “பத்திரிக்கை ஒண்ணு அனுப்பி வெய்யி சாமி. வாரதுன்னா வரட்டும்” என்றார். ஆறு வருஷத்தில் உன்னைப் பற்றி அவர் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு.

ஏழாவது வாக்கியம் இதுதான் அக்கா. நீ வந்தால் நான் நிம்மதியாகத் தாலி கட்டுவேன்.

தம்பி
திருமூர்த்தி


மத்தாரோ
14 டிசம்பர் 2024

அன்புள்ள தம்பிக்கு,

பத்திரிகையை ஆபீசில் வைத்தே பிரித்துவிட்டேன். பக்கத்து மேசை மார்த்தா, சட்டை அவ்வளவு மோசமா, ஏன் அழுகிறாய் என்று கேட்டாள். மாமா வீட்டில் அதை இரண்டு தரம் படித்துவிட்டு, அவரே உட்கார்ந்து டிக்கெட் பார்க்க ஆரம்பித்தார். சுபஸ்ரீ போட்டோ ஒன்று அனுப்பு.

உன் வாக்கியங்கள் பரவாயில்லை. ஒரே தப்பைத்தான் திரும்பத் திரும்பச் செய்கிறாய். ‘சி’ என்பது நம் ‘ஆல்’. ‘சி’ வந்த பக்கத்தில் ‘ரீயா’ வரக்கூடாது. அங்கே வேறு வடிவம். வந்தால் என்பதற்கு ‘சி பினியேரா’. அதனால் என்ன நடக்குமோ அந்தப் பக்கத்தில்தான் ‘ரீயா’. இன்னொன்று, மரியாதைக்கும் இதுதான். தண்ணீர் கொடு என்று கேட்காமல் ‘பொத்ரீயா’ என்று ஆரம்பித்தால் முகம் மலரும். நம் ஊரில் ‘ங்க’ போடுகிற இடம் என்று வைத்துக்கொள். உங்கள் ஊர்க்காரர்கள் எல்லோருமே இப்படித்தான் மரியாதையா என்று மார்த்தா கேட்கிறாள். வாயளவில் ஆமாம் என்றேன்.

இனி என் வாக்கியம். சி ஃபுவேராஸ் ஆ எசா காசா, இரீயா. நீ அந்த வீட்டுக்குப் போனால் நான் வருவேன்.

எந்த வீடு என்று உனக்குத் தெரியும். மாமாவின் அப்பாவும் அம்மாவும் நம் கம்பெனிக்குப் பின்னால் நாலாவது வீதியில்தான் குடியிருக்கிறார்கள். நீ டீ குடிக்கிற பேக்கரியிலிருந்து கூப்பிடு தூரம். கல்யாணமான பெண்ணை அழைப்பதென்றால் அவள் புகுந்த வீட்டில் வெற்றிலை பாக்குத் தட்டு வைத்து, பெரியவர்கள் கையில் பத்திரிகை கொடுத்து அழைப்பதுதானே நம் வழக்கம். சித்தப்பா மகள் வினிதாவை அழைக்கக் காங்கேயம் போகாமல் இருப்பீர்களா? போனில் சொன்னால் அவள் மாமியார் சும்மா விடுவாளா?

என் மாமியார் விஜயராணி, மாமனார் சீனிச்சாமி. சாத்தூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அத்தை இன்னமும் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறார். அவர்களுக்கு உங்களிடமிருந்து வேண்டியது ஒன்றும் இல்லை. சபையில் நான் தனியாக உங்கள் மகளாக வந்து நிற்க முடியாது. அவர்கள் வீட்டு மருமகளாகத்தான் வர முடியும்.

அப்பா வரவேண்டும் என்றுகூடச் சொல்லவில்லை. நீ போ, போதும். நான் வருகிறேன்.

அக்கா
நித்யா


அருள்புரம்
4 ஜனவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் தாமதம். வருஷக் கடைசிச் சரக்கு கப்பல் ஏறியதும் கல்யாண வேலை பிடித்துக்கொண்டது. உங்கள் தலைவி அம்மாள் வந்து போனார். வாசலிலேயே ‘பொத்ரீயா’ போட்டு உள்ளே அழைத்தேன். அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதேதோ சொன்னார், பாதி புரியவில்லை. டெய்லர்கள் எல்லாம் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். பெருமை உனக்குத்தான்.

நீ சொன்ன விஷயம். அப்பாவிடம் சொன்னேன். “பத்திரிக்கைதான் அனுப்பியாச்சில்ல. அந்த வீதியில போயி நாம நின்னா ஒறம்பரை சொந்தமெல்லாம் என்ன பேசும்?” என்றார். கத்தவில்லை. கத்தினால் நானும் கத்தியிருப்பேன். தண்ணீர் கேட்கிற மாதிரி சாதாரணமாகச் சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குக் கிளம்பிவிட்டார்.

நான் போகாமல் இல்லை அக்கா. ஒரு நாள் சாயங்காலம் நாலாவது வீதி முனை வரைக்கும் போனேன். அங்கே நம் கம்பெனி அயர்னிங் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் எழுந்து நின்று, என்னங்க வேணும் என்றார்கள். ஒன்றுமில்லை என்று வண்டியைத் திருப்பிவிட்டேன். அடுத்த வாரம் பேக்கரியில் உன் மாமியாரையே பார்த்தேன். “நல்லாருக்கீகளா தம்பி?” என்றார். தலையை ஆட்டினேன்.

போகத்தான் போகிறேன். பொங்கல் கழியட்டும். அதற்காக நீ டிக்கெட்டை நிறுத்தி வைக்காதே. பிறந்த வீட்டுக்கு வர யார் அழைக்க வேண்டும்? அம்மா, “அவ வந்து நின்னாப் போதுங் கண்ணு, மத்ததெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம்” என்கிறாள். முதலில் நீ மட்டும் வா. மாமாவும் அவர்களும் மெதுவாக வந்து சேரட்டும்.

தம்பி
திருமூர்த்தி


மத்தாரோ
16 ஜனவரி 2025

திருமூர்த்திக்கு,

பழைய நாளில் நின்று அதற்கப்புறம் வரப்போவதைச் சொல்லவும் இதே வடிவம்தான். தீஹோ கே இரீயா. போவதாகச் சொன்னான். அவன் போனானா என்று அந்த வாக்கியம் சொல்லாது.

அத்தை டிசம்பரிலிருந்து ஓவர்டைம் பார்ப்பதில்லை. ஷிப்ட் முடிந்ததும் ஓடி வருகிறார். ஏன் என்று போனில் கேட்டேன். “அவுக வாரப்ப வீடு பூட்டிக் கெடந்தா நல்லாவா இருக்கும் தாயி?” என்கிறார். வாசல் தெளிக்கிறார். நல்ல சேலையாக மாற்றிக்கொள்கிறார். எட்டு மணிக்கு மேல் பழைய சேலைக்கு மாறி அடுப்பைப் பற்றவைக்கிறார். நான்தான் முந்திக்கொண்டு, என் தம்பி வருவான் என்று சொல்லித் தொலைத்தேன்.

நீ மட்டும் வா என்று எழுதியிருக்கிறாய். ஆறு வருஷத்துக்கு முன்னால் அப்பா சொன்னதும் அதுதான். நீ மட்டும் வா. அவர் கோபமாகச் சொன்னார், நீ மரியாதையாகச் சொல்கிறாய்.

தை இருபதுக்கு இன்னும் நாள் இருக்கிறது. அதற்கு மேல் எழுத எனக்கு ஒன்றும் இல்லை.

நித்யஸ்ரீ


அருள்புரம்
10 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

கல்யாணம் முடிந்தது.

முதல் நாள் சனிக்கிழமை மத்தியானம் நாலாவது வீதிக்குப் போனேன். தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம், பத்திரிகை எல்லாம் இருந்தன. அம்மாதான் எடுத்து வைத்தாள். வீதி முனையில் ஆட்கள் நின்றார்கள். நிற்கட்டும் என்று போனேன். வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு அம்மா, “நேத்தே ஊருக்குப் போயிட்டாகளே” என்றார். எனக்குப் புரிந்தது. கல்யாணத்துக்குப் போகவில்லையா என்று வீதியில் நாலு பேர் கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்ல முடியாமல் போயிருப்பார்கள்.

அவர்கள் போன் நம்பரை அந்த அம்மாவிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. உன்னிடம் மறைக்காமல் சொல்கிறேன், பூட்டைப் பார்த்ததும் எனக்கு ஒரு நொடி அப்பாடா என்றுதான் இருந்தது.

விடியற்காலையில் இணைச்சீர். வினிதா வந்து நின்றாள், பாவம், அவளும் அழுதுகொண்டேதான் நின்றாள். “உடன்பொறந்தவ வரலீங்களா?” என்று அருமைக்காரர் கேட்டார். அப்பா மண்டப வாசலைப் பார்த்தபடி, “கொஞ்சம் பொறுங்க” என்றார். ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. ரொம்ப நேரம் நின்றோம். நல்ல நேரம் போய்விடும் என்று பெரியப்பா சத்தம் போட்டபிறகுதான் சேலையைக் கையில் கொடுத்தார்கள்.

சாப்பாட்டு நேரத்தில் டிரைவர் பழனிமுத்து அண்ணன் கோயம்புத்தூரிலிருந்து காலி காரோடு வந்தார். அப்பா அவரை முதல் நாளே ஏர்போர்ட்டுக்கு அனுப்பியிருக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை. பழனிமுத்து அண்ணன் என்னைப் பார்த்ததும், “பாப்பாவக் காணமுங்க” என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அப்பா அன்றைக்குப் பந்தியில் உட்காரவே இல்லை.

வகுப்பில் இப்போது கடைசிப் பாடம் நடக்கிறது. அப்ரீயா இதோ. போயிருப்பேன். அப்ரீயா தீச்சோ. சொல்லியிருப்பேன். இதை மட்டும் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

தம்பி
திருமூர்த்தி


மத்தாரோ
22 பிப்ரவரி 2025

அன்புள்ள தம்பிக்கு,

நான் வந்திருந்தேன்.

மாமாவும் நானும் வெள்ளிக்கிழமை சென்னையில் இறங்கி நேராகச் சாத்தூர் போனோம். அத்தையும் மாமனாரும் எங்களைப் பார்க்கத்தான் வீட்டைப் பூட்டிக்கொண்டு வந்தார்கள். வெட்கப்பட்டு ஓடவில்லை. அருள்புரத்தில் இருந்தால் நீங்கள் அழைக்காதது என் கண்முன்னால் நடக்கும், ஊரில் இருந்தால் அவ்வளவு தெரியாது என்று அத்தை நினைத்தார். பக்கத்து வீட்டு அம்மாவிடம் நம்பர் கொடுத்து, என் பிறந்த வீட்டார் யாராவது தேடி வந்தால் உடனே கூப்பிடு என்று சொல்லிவிட்டுத்தான் வந்தார். நீ தட்டோடு வந்ததை அந்த அம்மா சொல்லவில்லை. தட்டைக் கவனிக்காமல், கம்பெனிக்காரர் வேலை விஷயமாக வந்திருப்பார் என்று நினைத்தாராம்.

சனிக்கிழமை மத்தியானம் ஒரு போன் வந்திருந்தால் சாயங்காலமே கிளம்பியிருப்போம். வாடகைக் கார் சொல்லி வைத்திருந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன் அத்தை எனக்குத் தலைக்கு ஊற்றிவிட்டார். இணைச்சீருக்கென்று அவர் எடுத்திருந்த பட்டுச்சேலையைக் கட்டிவிட்டு, “தம்பி கல்யாணத்தன்னைக்கு வெறுங் கழுத்தா இருக்கக்கூடாது தாயி” என்று தன் சங்கிலியைப் போட்டார். முகூர்த்த நேரம் வந்தபோது வடக்கே பார்த்து நின்றேன். வடக்கே ஒரு தீப்பெட்டி ஆபீஸ் சுவர்தான் இருந்தது. பிறகு பாயசம் வைத்தார். குடித்தேன்.

நீயே கூப்பிட்டிருக்கலாமே என்பாய். கூப்பிட்டிருக்கலாம். வந்ததை உன்னிடம் சொல்லாதது என் வீம்பு. அந்த வீம்பால் உன் கல்யாணத்தைப் பார்க்காமல் போனேன், அது என் பங்கு. ஆனால் அத்தையை மண்டப வாசலில் நிறுத்திவிட்டு நான் மட்டும் எப்படி உள்ளே வருவேன்?

அப்பா ஏர்போர்ட்டுக்குக் கார் அனுப்பினார் என்று படித்து மாமாவிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, நாலாவது வீதிக்குக் கார் வேண்டாமே, நடந்தே போகலாமே என்றார். அப்புறம் அவருக்கே தாங்காமல் எழுந்து போய்விட்டார். அப்பா பந்தியில் உட்காரவில்லை என்ற வரியை நான் மறுபடி படிக்கவில்லை.

மார்ச் பதினைந்திலிருந்து எனக்கு வேறு பிரிவு. உங்கள் சாம்பிள்களை இனி மார்த்தா பார்ப்பாள். நல்ல பெண், ரிப்பில் மட்டும் கறார்.

அக்கா
நித்யா


அருள்புரம்
5 மார்ச் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைச் சுபஸ்ரீயிடம் கொடுத்தேன். படித்து முடித்து, “நீங்க வரலீன்னா நான் மட்டும் போறனுங்க” என்று அதே பத்திரிகையோடு தட்டை எடுத்துவிட்டாள். முந்தாநாள் இருவரும் போனோம்.

வீடு திறந்திருந்தது. “வாங்க தம்பி, வாத்தா” என்று உன் மாமியார் பாயை விரித்தார். மாமனார் கடைக்கு ஓடிக் கலர் சோடா வாங்கி வந்தார். சுபஸ்ரீயின் ஊர், அவள் அண்ணன் தம்பிகள், எல்லாம் விசாரித்தார்கள். உன்னைப் பற்றி ஒரு குறை சொல்லவில்லை, என்னைப் பற்றியும். அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

கிளம்பும்போது தட்டை நீட்டினேன். உன் மாமியார் குங்குமத்தை மட்டும் தொட்டுச் சுபஸ்ரீ நெற்றியில் வைத்துவிட்டுத் தட்டை என் பக்கம் தள்ளினார். “கோவமில்ல தம்பி. அழைக்கிறதுக்குன்னு ஒரு நாளு உண்டு. அது போயிருச்சு. சும்மா வாரதுன்னா எப்ப வேணாலும் வாங்க” என்றார். வீதியில் எல்லோரும் பார்க்க அந்தத் தட்டைத் தூக்கிக்கொண்டு நடந்து வந்தேன்.

வீட்டில் அப்பா என்ன ஏது என்று கேட்கவில்லை. தட்டைப் பார்த்தார். பத்திரிகையை எடுத்துப் பிரித்து, தேதியை ரொம்ப நேரம் படித்துக்கொண்டிருந்தார்.

அக்கா, உன் கைக்கு வருகிற கடைசிப் பெட்டி இது. அடுத்ததை மார்த்தா பிரிப்பாள். உன் வீட்டு விலாசம் எழுது. உன் மாமியாரிடமே கேட்டிருக்கலாம், வாய் வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. கூடப்பிறந்தவள் எந்தத் தெருவில் குடியிருக்கிறாள் என்றுகூட இத்தனை வருஷமாக எனக்குத் தெரியாது என்பது அவர்களுக்குத் தெரிந்துவிடுமே என்று எழுந்து வந்துவிட்டேன்.

தம்பி
திருமூர்த்தி